டிஸ்கம்பாபுலேட்டட்: எப்படிச் சொல்வது, எங்கே சொல்வது, எங்கே வாயை மூடிக்கொள்வது

குழப்பத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தைப் பஞ்சமே கிடையாது. கன்ஃப்யூஸ்டு, பஸில்டு, பெர்ப்ளெக்ஸ்டு, பிவில்டர்டு, ஃபிளம்மாக்ஸ்டு என்று வரிசை கட்டி நிற்கும். அதில் சேட்டைக்கார வார்த்தை டிஸ்கம்பாபுலேட்டட்தான்.

முதலில் அதை வாயில் நுழைய வைப்போம். டிஸ்-கம்-பாப்-யு-லேட். அழுத்தம் நடுவில் இருக்கும் 'பாப்' மேல். அங்கே மட்டும் ஒரு தட்டு தட்டிவிட்டு மற்றதை வேகமாக ஓடவிட்டால் போதும், எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொன்னால்தான் நாக்கு சிக்கும்.

அடுத்து, பொருள். கணக்கு புரியவில்லை என்றால் அது வெறும் கன்ஃப்யூஷன். காலையில் அலாரம் அடிக்காமல், அரக்கப் பரக்க எழுந்து, ஒரு செருப்பு கிடைத்து இன்னொன்று கிடைக்காமல், அதற்குள் வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க, கையில் இருக்கும் போனையே வீடு முழுக்கத் தேடுகிறீர்களே, அந்த நிலைமைக்குத்தான் டிஸ்கம்பாபுலேட்டட். புரியாமல் போவதைவிட, நிதானம் கலைந்து தடுமாறுவதுதான் இதில் முக்கியம்.

சரி, 'டிஸ்' என்றால் எதிர்ப்பதம், அப்போது 'கம்பாபுலேட்' என்றால் என்ன என்று அகராதியைப் புரட்டாதீர்கள். அப்படி ஒரு வேர்ச்சொல்லே கிடையாது. 1830, 40களில் அமெரிக்காவில் லத்தீன் மாதிரி ஒலிக்கும் போலி வார்த்தைகளை உருவாக்கி விளையாடுவது ஒரு மோகமாகவே இருந்தது. ஓடிப்போவதற்கு 'அப்ஸ்குவாட்டுலேட்' என்பார்கள். நம்ம வார்த்தையும் அந்தக் கூட்டம்தான். நிதானம் குலைப்பதைச் சொல்லும் 'டிஸ்கம்போஸ்' போன்ற ஒழுங்கான சொல்லை யாரோ வேண்டுமென்றே கோணலாக்கியிருக்க வேண்டும் என்பதே அகராதிக்காரர்களின் கணிப்பு. அச்சில் 1834ல் தலைகாட்டுகிறது, அப்போது இன்றைய வடிவத்தில்கூட இல்லை, நடுவில் ஒரு 'ப்ரி'யோ 'ப்ர'வோ சேர்ந்து இன்னும் கோணலாக இருந்தது.

இந்த வகை வார்த்தைகளுக்கு அன்றைக்கு எவ்வளவு சிரிப்பு விழுந்தது என்பதற்கு ஒரு கொடூரமான சாட்சி உண்டு. 1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டன் ஃபோர்ட்ஸ் தியேட்டர். மேடையில் நடிகர் 'சாக்டாலஜைசிங்' என்ற வார்த்தை வரும் வசனத்தைச் சொன்னதும் அரங்கம் சிரிக்கும் என்று ஜான் வில்க்ஸ் பூத்துக்குத் தெரியும், அவரும் ஒரு நடிகர் அல்லவா. அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் லிங்கனைச் சுட்டார்.

இல்லாத வேரை வைத்து இன்னொரு விளையாட்டும் நடந்தது. 2008ல் மில்வாக்கி விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் இருக்கும் நாற்காலிகளுக்கு மேலே 'ரீகம்பாபுலேஷன் ஏரியா' என்று பலகை மாட்டினார்கள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பெல்ட் தோளில் தொங்க, லேப்டாப்பைப் பைக்குள் திணித்தபடி வருகிறவர் உட்கார்ந்து பழைய மனிதராக மாறும் இடம். அமெரிக்க வட்டார வழக்குச் சங்கம் அந்த ஆண்டின் மிகக் கற்பனைவளம் மிக்க சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது. சரியான தேர்வு என்பேன்.

இப்போது பயன்படுத்தும் விதம். உங்களைப் பற்றிச் சொல்லும்போது 'ஐ வாஸ் டிஸ்கம்பாபுலேட்டட்' என்று 'டட்' போட்டே முடியுங்கள். 'ஐ ஆம் டிஸ்கம்பாபுலேட்டிங்' என்றால் நீங்கள் அடுத்தவரைக் குழப்புகிறீர்கள் என்று ஆகிவிடும், நம்மில் பலர் 'ஐ ஆம் போரிங்' என்று சொல்லி மாட்டிக்கொள்கிறோமே, அதே வழுக்கல். நண்பருக்கு மெசேஜ், மேடையில் கலகலப்பாக ஒரு வரி, பயணக் கதை, இங்கெல்லாம் தாராளமாகச் சொல்லலாம். பிறப்பிலேயே கிண்டல் வார்த்தை என்பதால் துக்க வீட்டுச் செய்தியிலோ, விபத்தில் சிக்கியவரைப் பற்றியோ போட்டால் கேலி செய்வது போலாகிவிடும். மேலதிகாரிக்கு எழுதும் மெயிலிலும் வேண்டாம், அங்கே கன்ஃப்யூஸ்டே போதும்.

அப்புறம், இதற்கு மாற்றாக 'நான்பிளஸ்டு' போடலாமா என்றால், கொஞ்சம் பார்த்து. லத்தீனில் 'இனி மேலே எதுவும் இல்லை' என்ற பொருளில் இருந்து வந்த அந்தச் சொல்லுக்குத் திகைத்து நிற்பது என்பதுதான் பழைய அர்த்தம், ஆனால் அமெரிக்காவில் நிறையப் பேர் 'அலட்டிக்கொள்ளாமல்' என்று நேர் எதிராகவே பயன்படுத்துகிறார்கள். படிக்கிறவர் எந்தப் பக்கம் என்று தெரியாதபோது அதைத் தொடாமல் இருப்பது நல்லது.