பழைய வீட்டைச் சொகுசு விடுதியாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, பொள்ளாச்சி, ஈரோடு, கோபி என்று கொங்கு நாட்டு ஊர்களின் பழைய தெருக்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் சில, இப்போது ஓரிரவு தங்கிச் செல்வோருக்கான சொகுசு விடுதிகளாக மாறிவருகின்றன. பாட்டனார் கட்டிய வீட்டை விற்க மனம் வராத பேரப்பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. வீடும் நிற்கும், வருமானமும் வரும். இத்தகைய வீடுகளைச் செப்பனிட்டு விடுதியாக்கித் தரும் வேலையில் இருப்பதால், முன்பு இறங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்ட அதே இடங்களிலேயே புதியவர்களும் சுட்டுக்கொள்வதைத் தொடர்ந்து பார்க்க நேர்கிறது. விரிப்பு வெளுப்பாக இருக்க வேண்டும், வெந்நீர் வர வேண்டும், வாசலில் வரவேற்க ஆள் நிற்க வேண்டும் என்பவற்றையெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரியாமலேயே செய்துவிடுகிற, செய்தபின் திருத்துவதற்குப் பெரும்பணம் கேட்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கொங்கு வீட்டுக்குச் செட்டிநாட்டு வேடம் போடுவது

பழமை என்றாலே ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்குத் தூண்களும் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கு அவை அழகுதான். நடுவில் ‘தொட்டி’ எனும் திறந்த முற்றத்தை வைத்துக் கட்டிய நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீட்டின் அழகு வேறு வகையானது: தாழ்ந்து இறங்கும் ஓட்டுக் கூரை, நாற்புறமும் தாழ்வாரம், ஆட்கள் வந்து உட்காரும் ஆசாரம், தானியமும் பாத்திரமும் ஏற்றி வைத்த அட்டாலி, பின்னால் பொடக்காலி எனும் புழக்கடை. ஒரு வேளாண் குடும்பத்தின் நாளாந்த வேலைக்கேற்பக் கட்டப்பட்ட அந்த எளிமையைப் பார்க்கத்தான் விருந்தினர் வருகிறார். தரையில் நல்ல பவானி ஜமக்காளமும் கட்டிலில் சென்னிமலை நெசவு விரிப்பும் போதும். வேற்றூர்த் தூணைக் கொண்டுவந்து நிறுத்தினால், வீட்டின் சொந்த முகம் மறைந்துபோகும்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசுவது

இந்த ஒன்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். எத்தனை வீடுகளில் பார்த்தாலும் எனக்கு இதில் கோபம் குறைவதில்லை.

மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்தது 1930களில். அதற்கு முன் இப்பகுதியில் எழுந்த செங்கல் வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையாலோ மண் சாந்தாலோ கட்டப்பட்டவை. அவற்றின் அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. மண்ணில் உள்ள நீர், செங்கல்லின் நுண்துளைகள் வழியே முழங்கால் உயரம், சில வீடுகளில் இடுப்புயரம் வரைகூட ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் வழியே மெல்ல ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். இவ்வாறு ஈரம் ஏறுவதும் உலர்வதும் சமமாக நடந்துகொண்டிருந்ததால்தான் அச்சுவர்கள் இத்தனை காலம் நின்றிருக்கின்றன. சுவரில் ஓதம் ஏறுவது இயல்பு; ஏறியது வெளியேற வழியில்லாமல் போவதுதான் நோய்.

சிமெண்ட் பூச்சு அடர்த்தியானது, ஈரத்தை எளிதில் விடாது. அதன்மேல் சுவரை வழவழப்பாக்கும் பட்டியும் எமல்ஷன் வண்ணமும் அடித்துவிட்டால், வெளியேற இருந்த கொஞ்சநஞ்ச வழியும் அடைபடுகிறது. நீர் மேலும் உயரத்துக்கு ஏறுகிறது. அதில் கரைந்து வரும் உப்பு, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையே படிகமாகி விரிகிறது. ஒருநாள் பூச்சு தகடாகப் பெயர்ந்து விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுகிறது. உப்புத்தண்ணீர் போர்வெல்கள் நிறைந்த நம் பகுதியில், கலவைக்கும் அதே நீரையே ஊற்றுகிறார்கள் என்பதால் கேடு இன்னும் விரைவாக வருகிறது.

கோபி பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். திருப்பூரில் தொழில் செய்யும் உரிமையாளர், தைப் பொங்கலுக்குள் விடுதியைத் திறந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஒப்பந்தக்காரரின் பேச்சைக் கேட்டுப் பழைய காரை முழுவதையும் கொத்தியெடுத்துச் சிமெண்ட் பூசினார். அங்கே வேலைக்கு வந்த முதிய கொத்தனார் ஒருவர், “ஏனுங்க, இந்தச் செவுத்துக்குச் சுண்ணாம்புதானுங்க ஒத்துக்கும், சிமெண்டு வேண்டாமுங்க” என்று சொல்லியிருக்கிறார், காதில் வாங்க ஆளில்லை. திறந்தபோது அறைகள் கண்ணாடி போல் இருந்தன. ஐப்பசி மழை வந்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் முதலில் கைரேகை அளவுக்கு ஒரு கருமை, பிறகு வண்ணத்தில் கொப்புளம், கொப்புளத்தை விரலால் அழுத்தினால் உள்ளிருந்து உதிரும் வெள்ளை மாவு. கல்யாணத்துக்கு வந்து தங்கிய குடும்பம் ஒன்று சுவர் மாடத்தில் வைத்த பட்டுப்புடவையில் ஈரக்கறை பிடித்துவிட்டது. உயர்ந்த வாடகை கொடுத்தவர்கள் அதைச் சும்மா விடவில்லை.

அதன்பின் செய்ததுதான் இன்னும் பெரிய பிழை. ஈரம் தெரிந்த உயரம் வரைக்கும் டைல்ஸ் ஒட்டினார்கள். ஓதம் டைல்ஸைத் தாண்டி மேலே தலைகாட்டியது. ஈரத்தடுப்பு வண்ணம் அடித்தார்கள், அதுவும் உரிந்தது. அறையின் நாற்றத்தைப் போக்க ஏசியை ஓயாமல் ஓடவிட்டார்கள். குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரமும் சேர்ந்து படிந்தது. கடைசியில் கல்யாண சீசன் முழுவதும் அறைகளைப் பூட்டிவிட்டுச் சிமெண்டைக் கொத்தியெடுக்க வேண்டியதாயிற்று. சிமெண்ட் தனியாக வருவதில்லை. செங்கல்லோடுதான் வரும்.

ஆகவே, பூச்சில் கை வைப்பதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நகர வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி தெருதான். பழைய தார் மேல் புதுத் தார் என்று தெரு உயர்ந்துகொண்டே போக, திண்ணை தாழ்ந்து, மழைநீர் சுவரின் அடியில் தேங்குகிறது. முதல் செலவு அந்த நீரை விலக்கும் வடிகாலுக்குப் போக வேண்டும். சுவரை ஒட்டிய வெறுமண்ணில் கான்கிரீட் போட்டு மூடாதீர்கள். அங்கே உலர்ந்துபோகும் ஈரமும் சுவருக்குள் திரும்பும். பாலித்தீன் தாளை ஓரடிக்கு ஓரடி வெட்டி, நாற்புறமும் நாடா ஒட்டி, ஓரிரவு சுவரில் விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், அந்தச் சுவர் இன்னும் பூச்சு வேலைக்குத் தயாராகவில்லை.

பூசும்போது நன்றாக நீற்றி, ஊறவைத்து, சலித்த சுண்ணாம்பையே பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்க்கும் முறை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். தேடிப்பிடித்து, அவர்கள் கேட்கும் கூலியைக் கொடுங்கள். சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கித்தான் மெல்ல மெல்ல இறுகும். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்க வேண்டும். ஒன்று பிடித்து இறுகிய பிறகே அடுத்தது ஏற வேண்டும். இது சிமெண்டைவிடப் பல வாரங்கள் கூடுதலாகப் பிடிக்கும். திறப்பு விழா நாளை அதற்கேற்பத் தள்ளிவையுங்கள். மேலே அடிப்பதும் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருக்கட்டும்.

குளியலறையைப் படுக்கையறைச் சுவருக்குள் திணிப்பது

மேற்சொன்ன தவறின் தம்பி இது. இணைந்த குளியலறை இல்லாமல் சொகுசு விடுதி நடத்த முடியாது என்பது உண்மை. ஆனால் பழைய செங்கல் சுவரைக் காடி எடுத்துக் குழாயைப் புதைத்தால், கசிவு கண்ணுக்குத் தெரிவதற்குள் சுவர் பாதி ஊறிவிடும். பொடக்காலிப் பக்கமோ, மாட்டுக் கட்டுத்தரை இருந்த பக்கமோ தனிச் சுவர் எழுப்பிக் கட்டி, படுக்கையறையிலிருந்து ஒரு கதவு வைத்துவிடுங்கள். குழாய்கள் வெளியே தெரிந்தால் தவறில்லை.

தொட்டியை ஷீட் போட்டு மூடுவது

வெப்பக்காற்று மேலே வெளியேறும் வழி அதுதான். மூடாதீர்கள்.

ஆடிக்காற்றை மறப்பது

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் இரவெல்லாம் கதவுகளை அறையும். எல்லாக் கதவுக்கும் ஜன்னலுக்கும் கொக்கி போடுங்கள்.

காலை உணவைப் பஃபே ஆக்குவது

ஐந்தாறு அறை உள்ள வீட்டில், மூடியிட்ட எவர்சில்வர் பாத்திரங்களின் கீழ் விளக்கேற்றி இட்லியையும் பொங்கலையும் சூடாக்கி வைப்பது வீண்வேலை. அதையெல்லாம் எந்த ஊர் விடுதியிலும் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஊறவைத்து அரைத்த அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சிலிட்டுப் பிழியும் சந்தகையை, விருந்தினர் உட்கார்ந்த பிறகு அவர் கண்முன்னே பிழிந்து, வெல்லம் கரைத்த தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொடுங்கள். ஆறிவிட்டால் மாவு அச்சில் இறங்காது என்பதால் இதை முன்கூட்டிச் செய்து அடுக்கவும் முடியாது. அதனாலேயே அது விருந்தாகிறது. இரவில் சுடச்சுட அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும் போட்டால், நீண்ட பயணம் வந்தவர் வேறெதுவும் கேட்கமாட்டார். சமைக்க, அந்தத் தெருவிலேயே கைப்பக்குவம் உள்ள ஓர் அம்மாவை நல்ல சம்பளத்துக்கு அமர்த்துங்கள்.

வாடகையைக் கணக்குப் பார்க்காமல் வைப்பது

ஓர் அறையின் ஒருநாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம் என்பது 2025 செப்டம்பர் 22 முதல் உள்ள நிலை. 7,500 ரூபாய் அறைக்கு விருந்தினர் செலுத்துவது 7,875. நூறு ரூபாய் கூட்டி 7,600 என்று வைத்தால் அது 8,968 ஆகிவிடும். உங்களுக்குக் கிடைத்த நூறுக்காக அவர் 1,093 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். ஒரு நிதியாண்டில் ஓர் அறையாவது 7,500ஐத் தாண்டி விடப்பட்டால், அடுத்த நிதியாண்டில் அவ்விடத்து உணவகத்துக்கும் 18 சதவீதம் வந்துவிடும். வாடகையை உயர்த்துவதென்றால், தயங்காமல் அந்த எல்லையை வெகுவாகத் தாண்டிய அறையாகவே அதை ஆக்குங்கள்.

இடித்துக் கட்டிவிட்டுச் சான்று கேட்பது

மத்திய சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய விடுதி என்று வகைப்படுத்த, கட்டடம் 1950க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். தளப்பரப்பில் குறைந்தது பாதி அக்காலத்ததாக இருக்க வேண்டும். குறைந்தது 5 அறைகள் வேண்டும். பின்கட்டை இடிப்பதற்கு முன் இந்தக் கணக்கை அளவுநாடாவோடு போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு விருந்தினர் பதிவைத் தள்ளிப்போடுவது

வெளிநாட்டு விருந்தினர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை உரிய படிவத்தில் அரசுக்கு இணையவழி அனுப்பிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானாலும் அனுப்ப வேண்டும்.