மலையில் ஸ்பிரிங் பட்டை வாங்கும்போது

பொம்மை ரயிலின் தொடுமுனை, பேட்டரி கிளிப், சின்னப் பெட்டியின் கொக்கி போன்ற வேலைகளுக்கு மெல்லிய ஸ்பிரிங் பட்டை வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது துருவைப் பற்றித்தான். மூடுபனி ஈரத்தில் வெறும் ஸ்பிரிங் ஸ்டீல் சீக்கிரமே பழுப்பேறிவிடும்; மெஷின் ஆயில் தடவியே வையுங்கள். மின்சாரம் பாய வேண்டிய இடமென்றால் பேசாமல் பாஸ்பர் பிரான்ஸ் (செம்பும் வெள்ளீயமும் கலந்த ஒரு வெண்கல வகை) பட்டை வாங்கிவிடுங்கள். அதில் செந்துரு ஏறாது, சால்டரும் நன்றாக ஒட்டும்.

தடிமனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 0.2 மி.மீ.க்குப் பதில் 0.4 போட்டால் விறைப்பு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. அதே பட்டையின் நீளத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். எனவே 0.2-இல் தொடங்கி, நீளத்தை மாற்றிச் சரிசெய்யுங்கள்.

பழைய ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய ஸ்டீல் இலைகளின் கொத்து) கிடைத்தால் விடாதீர்கள், ஒவ்வொரு இலையிலும் தடிமன் பொறித்திருக்கும். ஸ்டீல் இஞ்சு டேப்பும் உதவும். ஆனால் அதன் குழிவால் சீராக வளையாமல் 'டக்'கென்று மடியும். எவர்சில்வர் டப்பா மூடி வேண்டாம், வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும்.

பட்டை முறிவது பெரும்பாலும் வெட்டிய விளிம்பின் பிசிறிலிருந்துதான். நீளவாக்கில் அரம் போட்டு, 400 நம்பர் எமரியால் தேயுங்கள். கூராக மடிக்காமல் 3 மி.மீ. ஆணியில் சுற்றி வளையுங்கள். கெட்டியான ஸ்டீலில் துளை போட்டால் டிரில் பிட்தான் மழுங்கும். துளைக்குப் பதில் பட்டையை இரண்டு சிறு தகடுகளுக்கு நடுவே வைத்து இறுக்கிவிடலாம். துளைக்காகச் சிவக்கக் காய்ச்சினால் அந்த இடத்தில் ஸ்பிரிங் போய்விடும்.