டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு: மின்னுகிறதா, நின்று எரிகிறதா?

வழுக்கும் காரும் இரண்டு வளைந்த கோடுகளும் கொண்ட மஞ்சள் விளக்கு ஓட்டும்போது மின்னினால் பழுதில்லை. சக்கரம் வழுக்குவதைக் கண்டு டிராக்‌ஷன் கன்ட்ரோல் கணினி பிரேக்கைப் பிடிக்கிறது, இன்ஜின் விசையைக் குறைக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் போதும்.

நின்று எரிந்தால், முதலில் டிராக்‌ஷன் கன்ட்ரோலின் ஆஃப் பட்டனில் கை பட்டுவிட்டதா என்று பாருங்கள். சேற்றிலோ மணலிலோ சிக்கிய காரை வெளியே எடுக்க அதை அணைத்திருப்போம், திரும்பப் போட மறந்திருப்போம். இல்லையென்றால் இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்போதும் அணையாமல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்து எரிந்தால், பெரும்பாலும் சக்கர வேக சென்சார்தான் காரணம். சேறு, இரும்புத்தூள், அறுந்த ஒயர், வீல் பேரிங் ஆட்டம் எதுவும் சிக்னலைக் கெடுக்கும். பிரேக் பெடல் சுவிட்ச், பலவீனமான பேட்டரி, அளவு மாறிய டயர் ஆகியவையும் இதைச் செய்யும். வீல் அலைன்மென்ட் செய்த பிறகு விளக்கு வந்தால் ஸ்டீயரிங் கோண சென்சாரை மறுசீரமைக்கச் சொல்லுங்கள்.

காரில் செருகிப் பழுதைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவிகள் பல இன்ஜின் பழுதுக் குறியீடுகளை மட்டுமே படிக்கும்; ஏபிஎஸ் குறியீடு படிக்கும் ஸ்கேனர் உள்ள கடைக்கே போங்கள். குறியீடு பார்க்காமல் சென்சார் மாற்றச் சம்மதிக்காதீர்கள். சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்து, ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருந்தும் அணையாவிட்டால், வண்டியை ஓட்டவே வேண்டாம்.