மாநிறத்தை வெளுக்கும் ஃபில்டர்கள்: படத்திருத்தத்தில் தவிர்க்க வேண்டியவை

சென்னைக் கல்யாணப் படங்களைச் சமூக ஊடகத்தில் பார்க்கும்போது என் கண் முதலில் போவது கழுத்துக்குத்தான். முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் வேறு நிறம். அழகூட்டும் ஃபில்டர் முகத்தை மட்டும் அடையாளம் கண்டு வெளுத்து, தோலையும் மழமழவென்று வழித்துவிடுகிறது. தவறுகளில் மிக மோசமானது இதுதான். மாநிறமும் கருநிறமும் திருத்தப்பட வேண்டிய குறைகள் அல்ல. முகம் இருண்டு தெரிகிறதென்றால் பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம்: உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருக்கும், அல்லது பின்னால் வானம் பளீரென்று இருந்ததால் கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைத்திருக்கும். படத்தின் இருண்ட பகுதிகளுக்கு வெளிச்சம் கூட்டும் 'ஷேடோஸ்' அளவைச் சற்றே உயர்த்திப் பாருங்கள். தோலின் நிறம் கெடாமல் முகம் தெளியும். சில போன்களின் செல்ஃபி கேமராவில் இந்த அழகூட்டல் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். எடுப்பதற்கு முன்பே அதை அணைத்துவிடுங்கள். வழித்தெடுக்கப்பட்ட தோலின் நுணுக்கம் பிறகு திரும்பாது.

அடுத்தது, யாரோ விற்கும் பிரீசெட்டை அப்படியே போடுவது. பிரீசெட் என்பது வேறொருவர் தம் படத்துக்காக வைத்த அளவுகளின் தொகுப்பு. உங்கள் மண்டபத்தின் மஞ்சள் பல்பும் நீல எல்இடியும் அதற்குத் தெரியாது. நிழலில் நீலப்பச்சையும் வெளிச்சத்தில் ஆரஞ்சும் ஏற்றும் பிரீசெட்டுகள் நம் தோலைச் செங்கல் நிறமாக்கிவிடுகின்றன. முதலில் வைட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறச் சாயலை நீக்குங்கள். ஸ்னாப்சீட் என்ற படத்திருத்தச் செயலியில் அதற்கென்று ஒரு துளிக்குழாய்க் குறி உண்டு. முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உள்ள வெள்ளை வேட்டியின் மீது அதை வையுங்கள். மல்லிகைச் சரம் வேண்டாம், அதில் இளமஞ்சள் கலந்திருக்கும்.

அரக்குப் பட்டில் சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, ஏற்றினால் சிவப்பு அதன் உச்ச அளவான 255-ஐத் தொட்டு நின்றுவிடும். மடிப்பும் நெசவும் மறைந்து சேலை ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். மங்கிய நிறங்களை மட்டும் அதிகம் தூக்கும் 'வைப்ரன்ஸ்' இங்கே பாதுகாப்பானது. கபாலீசுவரர் கோயில் கோபுரத்துக்கு அதுகூடத் தேவையில்லை, நிறம் அங்கே ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. அதன் மீது, விளிம்புகளை எடுப்பாக்கும் 'கிளாரிட்டி'யை அளவுக்கு மீறி ஏற்றுவதால்தான் சிற்பங்களின் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றுகிறது.

இப்போது வானத்தையே மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவு வசதிகள் வந்துவிட்டன. மெரினாவில் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் கடலில் இறங்குவதில்லை. ஆனாலும் மாலை நேரப் படம் என்று சொல்லி, அலைகளுக்கு மேல் செஞ்சூரியனை ஒட்டுகிறார்கள். மணலில் நிழல் வேறு திசையில் கிடக்கும். ஊர்க்காரர்களுக்கு இது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதைவிட, கடலோரத்துக் கோணல் அடிவானத்தை நிமிர்த்த அந்த நேரத்தைச் செலவிடலாம்.

திரையின் இரவு வெளிச்ச வசதி இயங்கும்போது நிறம் திருத்தாதீர்கள். மஞ்சளாகத் தெரியும் திரையை நம்பிப் படத்தை நீலமாக்கிவிடுவீர்கள்.

முடிந்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி, அங்கிருந்து எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதும் வேண்டாம். இரண்டும் படத்தைச் சுருக்குகின்றன. நண்பருக்கு 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். நெடுக்குப் படத்தை 1080-க்கு 1350 அளவில் ஏற்றுங்கள். திருத்தாத மூலப் படத்தைத் தனியாக வைத்திருங்கள். 2025 ஜனவரியில், வெளியாட்கள் உருவாக்கிய ஃபில்டர்களை இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா நிறுத்தியது. அவற்றோடு எடுத்தவர்களிடம் இப்போது இருப்பது ஃபில்டர் ஒட்டிய முகம் மட்டுமே.