மது மீட்புக் குழுக் கூட்டத்துக்கு முதன்முறை செல்பவர்களுக்கு: மதுரையிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

கூட்டத்துக்குப் போவதற்கு முன்பே மருத்துவரிடம் போக வேண்டியவர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்தவுடன் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறது என்ற நிலையில் இருப்பவர், வைராக்கியத்தோடு ஒரே நாளில் குடியை நிறுத்துவது ஆபத்தானது. பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்த உடலுக்கு மது திடீரென்று கிடைக்காமல் போனால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் தொடங்கலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியும். அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவரைப் பார்த்து, எவ்வளவு குடித்தீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லி, அவர் தரும் மருந்துகளோடு அந்த நாட்களைக் கடந்த பிறகு குழுவுக்கு வாருங்கள்.

அடுத்தது தேடல். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகளின் சந்திப்பிலிருந்து பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., இன்று உலகெங்கும் கூட்டங்களை நடத்துகிறது. கூட்டம் நடக்கும் இடத்தை அதன் இந்திய இணையதளத்தில் தேடலாம். மனநலப் பிரிவிலோ மறுவாழ்வு மையத்திலோ கேட்டாலும் வழி தெரியும். தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416 ஆகிய இரண்டையும் கட்டணமின்றி அழைக்கலாம். எந்தப் பட்டியலில் பார்த்தாலும், இடமும் நேரமும் மாறவில்லை என்பதைத் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்ட பிறகே புறப்படுங்கள். முதல் நாளே பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் அன்றிரவு எங்கே போவார் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள் என்பது என் கருத்து. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது என்றாலும், அந்தப் பத்து மணி நேரமும் ஒருவரைத் தொல்லை செய்வதில்லை. வேலை முடிந்து கூலி கையில் வரும் நேரமோ, கடையைச் சாத்திவிட்டு நண்பர்களோடு நிற்கும் நேரமோ, ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த மணியில் நடக்கும் கூட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். வசதியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தால் சனிக்கிழமை இரவு காவலின்றிக் கிடக்கும். எனக்கு அது மாலை ஏழு மணி. போகும் வழியையும் அப்படியே திட்டமிடுங்கள்: மேலூரிலிருந்து வந்து மாட்டுத்தாவணியில் இறங்குபவர், பழைய கூட்டாளிகள் நிற்கும் தெருவைச் சுற்றிப் போனால் பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். சொந்த ஊரில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற கூச்சம் இருந்தால் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போவதில் தவறில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டுமானது. அந்த விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. கட்டணமோ விண்ணப்பமோ கிடையாது. தேவாலய வளாகத்தில் நடக்கிறதே, மதம் மாற்றிவிடுவார்களோ என்று சில வீடுகளில் அஞ்சுகிறார்கள். அறை மட்டுமே தேவாலயத்துடையது. கூட்டத்தில் பேசப்படும் இறைவனை அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் பின்வரிசையில் உட்கார்ந்தாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரு பிரார்த்தனையும் சிறு வாசிப்பும் முடிந்தபின், ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, தம் அனுபவத்தைப் பகிர்வார்கள்; ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதும் அறிவுரை சொல்வதும் வழக்கமில்லை. உங்கள் முறை வரும்போது, "இன்று கேட்பதற்காக வந்திருக்கிறேன்" என்றால் போதும். உண்டியல் சுற்றி வந்தால் புதியவர் காசு போட வேண்டும் என்ற கட்டாயமில்லை. அங்கே கேட்டவற்றையும் பார்த்த முகங்களையும் வெளியே பேசக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

கூட்டம் கலைந்தவுடன் ஓடிவிடாதீர்கள். தேநீர் நேரத்தில்தான் காரியம் நடக்கிறது. இரண்டு மூன்று பேருடைய எண்களை வாங்கி, ஆசை எழும் நேரத்தில், குடித்த பிறகல்ல, குடிப்பதற்கு முன் அழையுங்கள். சில வாரங்கள் சென்றபின், குடிக்காமல் பல ஆண்டுகள் இருக்கும் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது உங்களுக்குத் துணைநின்று வழிகாட்டுபவராக, இருக்கும்படி கேட்கலாம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்குப் போங்கள்.

வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் குடியை நிறுத்தும் மாத்திரையைக் கலக்காதீர்கள்; டைசல்பிராம் என்ற அந்த மருந்து உடலில் இருக்கும்போது மது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். கோயிலில் கயிறு கட்டியிருந்தால் அது இருக்கட்டும், கூட்டமும் இருக்கட்டும். குடும்பத்தினருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

சித்திரைத் திருவிழா நாட்களில் கோரிப்பாளையம் பக்கம் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். அந்த வாரக் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதை முந்தைய கூட்டத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.