வீட்டில் ஒருவருக்குக் கடல் தூண்டில் பித்து: மற்றவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழவேற்காட்டிலிருந்து கோவளம் வரை, விடியுமுன்பே தூண்டில் கம்பும் (ராடு) பையுமாகக் கரையில் நிற்கும் புதுமுகங்கள் பெருகிவிட்டார்கள். பழைய ஆட்களின் வீடுகளில் நடந்த அதே தவறுகள் இப்போது இவர்கள் வீடுகளிலும் நடக்கின்றன. தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் எவருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடலாம். இது கரையில் நிற்பவருக்கு அல்ல. அவரை அனுப்பிவிட்டுக் காத்திருந்து, அவர் கொண்டுவரும் மீனைச் சமைக்கும் மனைவிக்கோ கணவருக்கோ.

ஞாயிற்றுக்கிழமையை நம்பித் திட்டம் போடுவது

முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறும்போதும் வற்றும்போதும் ஓட்டம் இருக்கிற சில மணி நேரம்தான் கொடுவா நன்றாக இரை எடுக்கும். அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு காலை 5 மணிக்கு ஏற்றம் என்றால் அடுத்த ஞாயிறு ஏறக்குறைய 11 மணிக்கு. "போன வாரம் ஒன்பது மணிக்கே வந்துட்டீங்களே" என்று சண்டை போடுவதில் பயனில்லை. தினசரிக் காலண்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள் ஓட்டம் வலுவாக இருக்கும், அவருக்கு வீட்டில் கால் தரிக்காது. அஷ்டமி, நவமி வாக்கில் ஓட்டம் மந்தம். சொந்தக்காரர் வீட்டுக்கும் வெளியூருக்கும் போக அந்த நாட்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முகம் சுளிக்காமல் வருவார்.

ஐஸ் இல்லாமல் வந்த மீனைச் சமைப்பது

பல ஆயிரம் ரூபாய்க்குத் தூண்டில் நரம்பு சுற்றும் ரீல் வாங்குகிறவர் ஐஸ் வாங்கக் கணக்குப் பார்ப்பதைக் கண்டால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. காலை ஆறு மணிக்குப் பிடித்த சூரை, ஈரச் சாக்கில் சுற்றி, பைக்கில் கட்டி, பதினொன்றரைக்கு வீடு வந்து சேரும். "இன்னிக்குப் பிடிச்சது, ஃப்ரெஷ்" என்று சொல்லிக் கொடுப்பார். அதை நம்பிக் குழம்பு வைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

சூரை, அயிலை, மத்தி, வஞ்சிரம், பாறை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் செத்ததும் செவுளிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்கள் அதை, அதிகமானால் நஞ்சாகும் ஹிஸ்டமினாக மாற்றத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் சில மணி நேரமே அதற்குப் போதும். ஒரு முறை உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், குக்கரில் வைத்தாலும், ஃப்ரீசரில் போட்டாலும் போகாது. மோந்து பார்த்தும் நம்ப முடியாது. கெட்ட வாடையே இல்லாத மீனிலும் அது இருக்கும். நாக்கில் மிளகு பட்டது போன்ற காரம் தெரிந்தால் உடனே துப்பிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவக்கும். தலைவலி, படபடப்பு, அரிப்பு, சில சமயம் வயிற்றுப்போக்கும் வரும். வீட்டில் என்ன சொல்வார்கள்? "பிள்ளைக்கு மீன் ஒத்துக்கல." அத்தோடு அந்தக் குழந்தைக்கு மீனே கிடையாது. ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்தால் அலர்ஜியாக இருக்க வாய்ப்புக் குறைவு, மீன்மேல் சந்தேகப்படுங்கள். என்ன மீன், எப்போது பிடித்தது, ஐஸில் இருந்ததா என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு இறைத்தாலோ மயக்கம் வந்தாலோ 108-ஐ அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

இதைத் தடுக்கும் வேலை முதல் நாள் இரவே தொடங்க வேண்டும். 25 முதல் 30 லிட்டர் ஐஸ் பெட்டிக்குள் ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டில்களைப் போட்டு மூடிவையுங்கள். பெட்டியே சூடாக இருந்தால் காலையில் போடும் ஐஸில் பாதி அதைக் குளிர வைப்பதிலேயே கரையும். கிலோவுக்குக் கிலோ என்பது கணக்கு: 5 கிலோ மீனுக்கு 5 கிலோ ஐஸ், கோடையில் இன்னும் 2, 3 கிலோ. கட்டி ஐஸ் வேண்டாம், நொறுக்கியது வேண்டும். மீனின் உடம்பை ஒட்டி அதுதான் உட்காரும்.

மீனைக் கொன்றதும் செவுளை அறுத்து, வாளிக் கடல்நீரில் ஐந்து பத்து நிமிடம் ரத்தம் வடிய விட வேண்டும். பெரிய மீனானால் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு வயிற்றுக்குள்ளும் ஐஸ் அடைக்க வேண்டும். இரண்டு பங்கு ஐஸும் ஒரு பங்கு கடல்நீரும் கலந்த கரைசலில் அமிழ்த்தினால் மீன் வேகமாகக் குளிரும். குடிக்கும் தண்ணீரை அதே பெட்டியில் வைத்தால் மூடி அடிக்கடி திறக்கும். அதற்குத் தனிப் பை கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஐஸ் மிச்சம் இருக்கிறதா? மீன் தொட்டால் கையில் சுருக்கென்று குளிர்கிறதா? சமையலறை தெர்மாமீட்டர் இருந்தால் சதையில் குத்திப் பாருங்கள், 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக வந்த சூரையை, எவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்திருந்தாலும், குப்பையில்தான் போட வேண்டும். இரண்டு முறை போட்டால் மூன்றாம் முறை ஐஸ் வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார்.

பைக்குள் கைவிட்டுத் துழாவுவது

கெளுத்தியின் முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள். மீன் செத்த பிறகும் அவற்றின் விஷம் வேலை செய்யும். குத்து வாங்குவது பெரும்பாலும் பையைக் காலி செய்கிற வீட்டு ஆள்தான். கரையிலேயே கட்டிங் பிளேயரால் மூன்றையும் வெட்டிவிட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். குத்திவிட்டால், நல்ல கையை விட்டுப் பார்த்துத் தாங்கக்கூடிய சூடுள்ள தண்ணீரில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வையுங்கள். சூட்டில் விஷத்தின் புரதம் சிதைந்து வலி இறங்கும். கயிறு கட்ட வேண்டாம். முள் உள்ளே ஒடிந்திருக்கலாம், டி.டி. ஊசியும் வேண்டியிருக்கும், டாக்டரிடம் போய்விடுங்கள்.

பேத்தை மீன்

உடம்பை ஊதிப் பெருக்கிக்கொள்ளும் விஷ மீன். சமைக்கக் கூடாது. பூனைக்கும் போடக் கூடாது.

உதவியாக ரீலைக் குழாயடியில் பிடிப்பது

வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் மேலே படிந்த உப்பு பேரிங்குக்குள் போய்விடும். கழுவுமுன் டிராக் குமிழை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு எளிதில் ஓடும் என்பதை மாற்றும் திருகு) இறுக்குங்கள். மெல்லிய ஒழுக்கில் நனைத்து, துணியால் ஒற்றி, நிழலில் காய வையுங்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் வாஷர்கள் நசுங்கிக் கிடக்கும். கடலோர வீடுகளில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவிப் பயனில்லை.

"எப்ப வருவீங்க?" என்று மட்டும் கேட்பது

கேட்டு எழுதி வைக்க வேண்டியவை நான்கு: இடம், கூட வருபவரின் எண், வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லையென்றால் நீங்கள் ஆளைத் தேட வேண்டும். கையெல்லாம் இரையும் வழும்புமாக இருக்கும்போது போனை எடுக்க மாட்டார். குறித்த நேரத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னால் போதும். குறித்த நேரம் தாண்டினால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093.

தூண்டில் வளைவுப் பாறைகளில் (கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டிய கற்கள்) நின்று வீசுபவராக இருந்தால், மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். கள்ளக்கடல் என்பது தெற்கே வெகுதூரத்தில் கிளம்பி வரும் பேரலை. இங்கே காற்றும் இருக்காது, வானமும் தெளிவாக இருக்கும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. அப்படி அறிவிப்பு இருக்கிற நாளில் மட்டும், எவ்வளவு கெஞ்சினாலும், வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பிறந்தநாளுக்கு ராடு வாங்கித் தருவது

நீளம், எடை, ரீலின் அளவு மூன்றும் அவர் வீசும் இடத்துக்குப் பொருந்த வேண்டும், கேட்காமல் வாங்கினால் பொருந்தாது. நல்ல ஹெட்லைட், துருப்பிடிக்காத பிளேயர், லைஃப் ஜாக்கெட்: இவை யாருக்கும் பொருந்தும்.

வெட்டிய நைலான் துண்டுகளை வாசல் குப்பையில் கொட்டுவது

காக்கை, புறா கால்களில் சுற்றிக்கொள்ளும். பழைய பாட்டிலில் திணித்து மூடிப் போடுங்கள்.