கூலண்ட் வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள்

உதிரிபாகக் கடையில் "பச்சைக் கூலண்ட் ஒரு லிட்டர் கொடுங்கள்" என்று நிறத்தைச் சொல்லிக் கேட்பதே, கார் எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலண்ட் விஷயத்தில் நம்மிடையே பரவலாகக் காணப்படும் தவறு. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயமே தவிர, அவற்றுக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. டொயோட்டாவின் நீண்டகாலக் கூலண்ட் இளஞ்சிவப்பு, ஹோண்டாவினுடையது நீலம். ஆனால் அரிப்பைத் தடுக்கச் சேர்க்கும் உப்புகளான சிலிகேட், பாஸ்பேட் ஆகியவற்றில், இரண்டுமே சிலிகேட் இல்லாத, பாஸ்பேட் சேர்ந்த ஒரே வகையைச் சேர்ந்தவை. ஃபோக்ஸ்வேகனின் ஜி13 என்ற கூலண்ட் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலும் அதில் சிலிகேட் உண்டு. எனவே காரின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள தர எண்ணையும் வகையையும் எழுதி எடுத்துச் சென்று, கேனின் பின்பக்கத்தில் அதே எண் அச்சாகியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குவதே சரியான வழி.

வகை மாறிய கூலண்டுகள் கலந்தால் அன்றைக்கே எஞ்சின் நின்றுவிடாது என்பதால்தான் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையில், அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து வலுவிழக்கின்றன. சில சேர்க்கைகள் கூழாகத் திரண்டு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைத்துவிடுகின்றன. எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள்: அடிப்புறத்தில் பழுப்பு நிறச் சேறு படிந்திருந்தால், மேலே ஊற்றி நிரப்பாமல், பழையதை முழுவதும் வடித்துக் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

"நம் ஊரில் பனியா உறைகிறது, தண்ணீரே போதும்" என்ற பேச்சை ஒர்க்‌ஷாப்களில் இன்றும் கேட்கலாம். உறையாமல் காப்பது கூலண்டின் ஒரு வேலை மட்டுமே. கூலண்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கலவை சுமார் 107 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தத்தால் அந்த வரம்பு மேலும் ஏறத்தாழ 20 டிகிரி உயர்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் ஏசியைப் போட்டுக்கொண்டு முழுப் பாரத்துடன் ஏறும்போது தண்ணீரைவிடக் கூடுதலான இந்தக் கொதிநிலைதான் எஞ்சினைக் காப்பாற்றுகிறது. இதைவிட முக்கியமானது, எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டையும், கூலண்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பையும் அரிப்பிலிருந்து காக்கும் வேலை. வெறும் தண்ணீரால் அது முடியாது.

அப்படியானால் கான்சென்ட்ரேட்டை, அதாவது தண்ணீர் கலந்து பயன்படுத்த வேண்டிய அடர் கூலண்டை, தண்ணீர் கலக்காமலே ஊற்றலாமே என்று நினைப்பதும் தவறு. வெப்பத்தை ஏற்கும் திறனில் கிளைக்கால் தண்ணீரில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆகவே கலக்காத கான்சென்ட்ரேட்டால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். மறுபுறம், ஏற்கெனவே கலந்து விற்கப்படும் ரெடி டு யூஸ் கூலண்டில் மேலும் தண்ணீர் சேர்த்தால் அது நீர்த்துப்போகும். கான்சென்ட்ரேட்டுடன் கலக்க, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்துங்கள். நம் பகுதிகளில் பெரும்பாலான போர்வெல் நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. வீட்டுப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைப் படிவம், பாஸ்பேட் கலந்த கூலண்டோடு சேர்ந்து எஞ்சினுக்குள்ளும் படியும்.

அளவு குறையும்போதெல்லாம் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடுவது கவலைக்குரிய பழக்கம். மூடிய அமைப்பில் கூலண்ட் தானாக அதிகம் குறைவதில்லை. குழாயை இறுக்கும் ஹோஸ் கிளாம்பிலோ வாட்டர் பம்பின் அடியிலோ சாய நிறத்தில் உலர்ந்த பொருக்கு தெரிகிறதா என்று பாருங்கள். வெளியே கசிவே இல்லாமல் குறைந்தால் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். சூடு ஏறுகிறது என்பதற்காகத் கூலண்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் மெக்கானிக்கின் யோசனைக்கும் இணங்காதீர்கள். அடைப்போ கசிவோ அப்படியே இருக்க, எஞ்சின் உரிய வெப்பத்துக்கு வராமல் எரிபொருள் வீணாகும்.

மாற்றும் கெடுவைக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பழைய வகைகள் சுமார் இரண்டு ஆண்டுகளும், அரிப்பைத் தடுக்க ஆர்கானிக் அமிலம் சேர்த்த வகைகள் ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் தாங்கும். வடித்த கூலண்டைத் திறந்த வாளியில் விட்டு வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும், சிறிதளவே அவற்றின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரைப் பறித்துவிடும்.